பாகத் தகராறுல பேசி முடிக்கிறத கம்ப்யூட்டருக்கு சொல்லிக் குடுக்க முடியுமா

தம்பி, உங்க கேள்விய நான் புரிஞ்சுக்கிட்டது இதான். தர்மபுரியில சட்டம் படிக்கிறீங்க, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ரெண்டு தரப்பு பேசி முடிக்கிறத ஏஐ, லாஜிக் வச்சு மாடல் பண்ணணும், பாலக்கோடு பக்கம் உங்க சொந்தத்துலயே ஒரு பாகத் தகராறு ஓடுது, அதையே உதாரணமா எடுக்கலாமா, இல்ல சாட்ஜிபிடி மாதிரி ஒண்ணுகிட்ட ரெண்டு பேரு கதையவும் குடுத்து தீத்து வைக்கச் சொன்னாலே போதுமா.

நான் கிருஷ்ணகிரியில பதினஞ்சு வருஷமா சிவில் கேஸ் பாக்கறேன், மீடியேஷன் ட்ரெய்னிங் முடிச்சிருக்கேன், சட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் படிச்சதால இந்த விஷயத்த விடாம பாத்துட்டே வர்றேன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

கதைய கொட்டிட்டு தீர்ப்பு கேக்கறது போதாது. ஏன்னு கடைசியில சொல்றேன். முதல்ல பேரம்ங்கறது உள்ள என்னென்ன இருக்குன்னு பிரிச்சுப் பாக்கணும். கோர்ட்டுக்குப் போனா எனக்கு என்ன கிடைக்கும்ங்கற கணக்கு ஒண்ணு, எனக்கு நிஜமாவே எது வேணும்ங்கறது இன்னொண்ணு, உக்காந்து பேசற பேச்சு மூணாவது. இப்ப எல்லாரும் மூணாவதையே புடிச்சிட்டு இருக்காங்க, மெஷின் அழகா பேசுதுங்கறதால. என்னோட அனுபவத்துல பேரம் உடையறது முதல் கணக்குலதான். 1979ல மினூக்கின், கோர்ன்ஹவுசர்னு ரெண்டு அமெரிக்க பேராசிரியருங்க விவாகரத்து பத்தி ஒரு கட்டுரை எழுதுனாங்க, ஜனங்க தனியா உக்காந்து பேசுனாலும் சட்டத்தோட நிழல்லதான், அதாவது கோர்ட்டுக்குப் போனா என்ன கிடைக்கும்ங்கற கணக்க மனசுல வச்சுக்கிட்டுத்தான் பேசறாங்கன்னு. அந்த நிழல் ரெண்டு பேருக்கும் ரெண்டு விதமா தெரியறதுதான் நம்ம ஊர் தகராறுல முக்காவாசி.

இத ஒரு உதாரணத்துல காட்டறேன், கற்பனைக் குடும்பம்தான். ஒரு அண்ணன், ஒரு தங்கச்சி. அப்பா சுயமா சம்பாதிச்சு வாங்குன நிலம், உயில் இல்லாம செத்துட்டாரு, அம்மா அதுக்கு முன்னாடியே இல்ல. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்குப் பாதி. இத 'அ'ன்னு வச்சுக்கங்க: தங்கச்சிக்கு பாதி உண்டு. அண்ணன் தரப்பு 'ஆ'ன்னு ஒண்ணு சொல்லுது: அவ அப்பவே பாகம் வேணாம்னு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டாளே. ஆ வந்து அ-வ அடிக்குது. தங்கச்சி தரப்பு 'இ' சொல்லுது: அந்தப் பத்திரம் எழுதுனப்ப அப்பா உயிரோட இருந்தாரு, நாளைக்கு வரலாம்னு இருக்கற பாகத்த யாரும் எழுதிக் குடுக்க முடியாது, 1882 சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 6(அ) அதான் சொல்லுது. இ வந்து ஆ-வ அடிக்குது. அண்ணன் விடல, 'ஈ': அதுக்கு பணம் வாங்கிட்டுத்தானே கையெழுத்து போட்டா, பணம் வாங்கிட்டு ஒதுங்குனவங்க பின்னாடி வந்து கேக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1973லயே சொல்லியிருக்கு. தங்கச்சி 'உ': எனக்குக் குடுத்தது கல்யாணச் சீர், பாகத்துக்குன்னு ஒத்தப் பைசா குடுக்கல.

இப்ப யாரு யார அடிக்கறாங்கன்னு அம்புக்குறி போட்டுப் பாருங்க. உ நின்னா ஈ விழுது, ஈ விழுந்தா இ நிக்குது, இ நின்னா ஆ விழுது, அ நிக்குது, தங்கச்சிக்கு பாதி. உ விழுந்தா எல்லாமே தலைகீழ். அதாவது மூணு மணி நேரம் சத்தம் போட்டு பேசற மொத்தத் தகராறும் ஒரே ஒரு கேள்வியில தொங்குது: அன்னைக்கு குடுத்த பணம் சீரா, பாகத்துக்கான பணமா. பத்திரத்துல பிரதிப்பிரயோஜனம்னு (பாகத்துக்கு பதிலா வாங்குன பணம்னு) தொகை எழுதியிருக்கா, பேங்க்ல போனதா கையில குடுத்ததா, கல்யாணத் தேதிக்கும் பத்திரத் தேதிக்கும் நடுவுல எத்தன நாள், இதப் பாத்தா போதும். மத்த பேச்செல்லாம் ஓரமா வச்சிரலாம்.

இந்த அம்புக்குறி விளையாட்ட கணக்கா எழுதுனவரு ஃபான் மின் டங்னு ஒரு ஆராய்ச்சியாளர், 1995ல. அதுக்கு முன்னாடி 1986ல செர்காட், கோவல்ஸ்கி குழு இங்கிலாந்து குடியுரிமைச் சட்டத்த அப்படியே ப்ரோலாக்ங்கற லாஜிக் புரோகிராம் மொழியில எழுதிக் காட்டுனாங்க, அது விதிய விதியா எழுதறது. சட்டத்துல விதி இருக்கும், விதிவிலக்கு இருக்கும், விதிவிலக்குக்கும் விலக்கு இருக்கும், அதனால சாதாரண லாஜிக் பத்தாது, புது தகவல் வந்தா பழைய முடிவ வாபஸ் வாங்கற லாஜிக் வேணும். தேதியும் முக்கியம். மேல சொன்னது சுயார்ஜிதம், பூர்வீகச் சொத்துன்னா பொண்ணோட உரிமைய 1989 தமிழ்நாடு திருத்தம், 2005 மத்திய திருத்தம், சுப்ரீம் கோர்ட்டோட 2020 வினீதா சர்மா தீர்ப்பு இத்தனையும் வச்சுப் பாக்கணும், எந்த ரூல் எந்தத் தேதியிலருந்துன்னு மெஷினுக்கு தெரியலைன்னா தப்பான நிழலத்தான் காட்டும்.

அடுத்தது ரூபாக் கணக்கு. தங்கச்சியோட பாதி 40 லட்சம் பெறும்னு வச்சுக்கங்க, கேஸ் நடத்த ஆளுக்கு 3 லட்சம் ஆகும்னு வைங்க (வருஷக் கணக்கா அலையறத இன்னும் சேக்கவே இல்ல, முதல்நிலை டிக்ரி, கமிஷனர், இறுதி டிக்ரி, அப்பீல்னு அது தனிக்கதை). தங்கச்சியோட வக்கீல் ஜெயிக்க நூத்துக்கு எழுபதுன்னு சொல்லியிருக்காரு. அவ கணக்குல கேஸோட மதிப்பு 28 லட்சம், செலவு போக 25. அதுக்குக் கீழ அவ எறங்க மாட்டா. அண்ணனோட வக்கீலும் நாமதான் எழுபது, அவளுக்கு முப்பதுன்னு சொல்லியிருக்காரு. அவரு கணக்குல 12 லட்சம், தன் செலவு 3 மிச்சம்னு சேத்தா 15. அதுக்கு மேல குடுக்க மாட்டாரு. ஒருத்தருக்கு 25க்கு மேல வேணும், இன்னொருத்தரு 15 தாண்ட மாட்டாரு, எவ்ளோ திறமையான மீடியேட்டர் வந்தாலும் இதுல ஒண்ணும் பண்ண முடியாது. இதே ரெண்டு பேரும் அந்த அம்புக்குறி படத்தப் பாத்து, சீரா பாகப் பணமாங்கறதுக்கு அத்தாட்சி ரெண்டு பக்கமும் சமமாதான் இருக்குன்னு ஒத்துக்கிட்டு அம்பது அம்பதுன்னு நெனச்சா, அவ 17க்கு எறங்குவா, இவரு 23 வரைக்கும் ஏறுவாரு. 17க்கும் 23க்கும் நடுவுல எங்க வேணா முடியும். பேசவும் இல்ல, கெஞ்சவும் இல்ல, மதிப்பீடு மட்டும்தான் மாறுச்சு.

உங்க ப்ராஜெக்ட்டோட உயிர் இதுலதான் இருக்குன்னு நான் நம்பறேன் தம்பி. பேரத்த முடிச்சுக் குடுக்கற மெஷின் கட்டாதீங்க, ரெண்டு பேரும் ஒரே படத்தப் பாக்கற மாதிரி மெஷின் கட்டுங்க.

சரி, ஒருத்தருக்கு பணத்த குடுத்து அனுப்பாம நிலத்தையே பிரிக்கணும்னா? அதுக்கு பிராம்ஸ், டெய்லர்னு ரெண்டு பேரு 1990கள்ல ஒரு முறை சொன்னாங்க, அட்ஜஸ்டட் வின்னர்னு பேரு. ஆளுக்கு 100 பாயின்ட், தனக்கு எது எவ்ளோ முக்கியமோ அப்படிப் பிரிச்சு போடணும். நம்ம குடும்பத்துல நாலு அயிட்டம்: மாந்தோப்பு, மோட்டார் சர்வீஸோட கிணறு, ரோட்டோரப் புஞ்சை, பழைய ஓட்டு வீடு. அண்ணன் விவசாயம் பாக்கறவரு, தோப்புக்கு 40, கிணத்துக்கு 30, ரோட்டு நிலத்துக்கு 20, வீட்டுக்கு 10. தங்கச்சி ஓசூர்ல இருக்கு, தோப்புக்கு 30, கிணத்துக்கு 5, ரோட்டு நிலத்துக்கு 45, வீட்டுக்கு 20. யாரு அதிகமா போட்டாங்களோ அவங்களுக்கு அது. அண்ணனுக்கு தோப்பும் கிணறும், 70 பாயின்ட். தங்கச்சிக்கு ரோட்டு நிலமும் வீடும், 65. அஞ்சு பாயின்ட் அண்ணன்கிட்ட அதிகமா இருக்கு, சமன் பண்ணணும். ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி மதிக்கற அயிட்டத்துலருந்து எடுக்கணும், கிணத்துல 30க்கு 5 ரொம்ப தூரம், தோப்புல 40க்கு 30 பக்கத்துல இருக்கு, அதனால தோப்பு. 14ல ஒரு பங்கு தோப்ப தங்கச்சிக்கு மாத்துனா ரெண்டு பேருக்கும் 67 சொச்சம் வருது. தோப்புல 70 மரம் ஒரே தரமா இருந்தா 5 மரம். போட்டுப் பாருங்க, சரியா வரும். எல்லாத்தையும் நடுவுல கயிறு புடிச்சு வெட்டுனா ஆளுக்கு 50தான் வந்திருக்கும், கிணத்துல வேற வாரத்துல மூணு நாள் முறைன்னு ஆயுசுக்கும் சண்டை.

இதுல ஒரு ஓட்டை இருக்கு, அத மறைக்காம ப்ராஜெக்ட்ல எழுதுங்க. அண்ணன் என்ன போடுவாருன்னு தங்கச்சிக்கு முன்னாடியே தெரிஞ்சா, தோப்புக்கு 39, கிணத்துக்கு 24, ரோட்டு நிலத்துக்கு 25, வீட்டுக்கு 12ன்னு பொய்யா போடலாம். ரோட்டு நிலமும் வீடும் அப்பவும் அவளுக்குத்தான் வரும், ஆனா காகிதத்துல அவகிட்ட 37தான் இருக்கற மாதிரி தெரியும், சமன் பண்ணும்போது 5 மரத்துக்கு பதிலா 29 மரம் அவ பக்கம் போயிரும். அதே சமயம் கொஞ்சம் தப்பா கணிச்சு அண்ணன் ரோட்டு நிலத்துக்கு 26 போட்டிருந்தா, அவளுக்கு ரொம்பப் புடிச்ச அந்த நிலமே கைய விட்டுப் போயிரும். ஒரே வீட்டுல வளந்தவங்களுக்கு ஒருத்தர் மனசு ஒருத்தருக்குத் தெரியும்ங்கறதால குடும்பத் தகராறுல இந்தப் பொய் கொஞ்சம் சுலபம். ரெண்டு பேருகிட்டயும் தனித்தனியா, ஒரே நேரத்துல வாங்கிப் பூட்டி வைக்கணும், அதுவும் முழுசா தடுக்காது.

அப்புறம் அந்த நாலு அயிட்டம் எங்கருந்து வந்துச்சு? நான் எழுதுனேன், அவ்ளோதான். நிஜத்துல பட்டியல் யாரும் கையில குடுக்க மாட்டாங்க. நான் உக்காந்த ஒரு மீடியேஷன்ல (பேசுனத வெளிய சொல்லக்கூடாது, அதனால ஊரு, ஆளு, விவரம் மாத்தித்தான் சொல்றேன்) மூணு சிட்டிங் ஆயிருச்சு, ஏக்கரு, செண்ட்டு, வழித்தடம் எல்லாம் பேசி சரி ஆயிருச்சு, அக்காக்காரி மட்டும் கையெழுத்து போட மாட்டேங்கறாங்க, ஏன்னும் சொல்ல மாட்டேங்கறாங்க. தனியா உக்கார வச்சு கேட்டா, வரப்புல நிக்கற புளியமரம். வருஷா வருஷம் மாசி பங்குனியில அவங்க அம்மா அந்த மரத்துப் புளிய கொட்டை எடுத்து, உருண்டை புடிச்சு, பானையில போட்டு மக வீட்டுக்கு அனுப்பும். அம்மா போனதுக்கப்புறம் தம்பி மரத்த மொத்தமா குத்தகைக்கு விட்டுட்டாரு, ஒரு கிலோ கூட அனுப்பல. மரம் அவரு பாகத்துலயே இருக்கட்டும், வருஷத்துக்கு ஒரு மூட்டை புளி அக்காவுக்குன்னு ஒப்பந்தத்துல ஒரு வரி சேத்தோம், அன்னைக்கே முடிஞ்சுது. எந்த மாடலும் இந்தப் புளியமரத்த தானா கண்டுபுடிக்காது, யாராச்சும் கேக்கணும். உங்க சிஸ்டத்துல பட்டியல மூடி வைக்காதீங்க, நடுவுல புது அயிட்டம் வந்தா பாயின்ட்ட திரும்பப் போட வைக்கற மாதிரி எழுதுங்க.

இன்னொரு பெரிய விஷயம், இதத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்ல விரும்பறேன். ஆஸ்திரேலியாவுல ஜான் ஸெலெஸ்நிகோவ்னு ஒரு பேராசிரியர், அவரும் ஸ்ட்ரானியேரியும் விவாகரத்துல சொத்துப் பிரிக்கறதுக்கு ஸ்ப்ளிட் அப்னு ஒரு சிஸ்டம் கட்டுனாங்க, நீதிபதி எத எதப் பாக்கறாருன்னு 94 அம்சம் எடுத்து, சிலதுக்கு விதி, சிலதுக்கு பழைய கேஸுகளப் பாத்து கத்துக்கற நியூரல் நெட்வொர்க். கோர்ட்டுல இவ்ளோ சதவீதம் கிடைக்கும்னு அது சொல்லும். அப்புறம் பெலூச்சிங்கறவங்களோட சேந்து ஃபேமிலி வின்னர்னு இன்னொண்ணு, அது விருப்பத்த வச்சு பாயின்ட் போட்டு பிரிக்கும். ரெண்டாவதுல ஒரு குறை தெரிஞ்சுது: ரெண்டு பேரு விருப்பமும் நிறைவேறுது, ஆனா அது நியாயமான்னு அந்த சிஸ்டத்துக்கு தெரியாது, குழந்தைங்க நலன் அதுல வராது. அதனால பின்னாடி வந்த வேலையில சட்டப்படியான நியாயத்தையும் உள்ள சேத்தாங்க.

நம்ம ஊருக்கு இத அப்படியே பொருத்திப் பாருங்க. தங்கச்சிகிட்ட பாயின்ட் போடச் சொன்னா, "எனக்கு எதுக்குங்கண்ணா நிலமெல்லாம், பொறந்த வீட்டு வாசல் தெறந்திருந்தா போதும்"னு சொல்லுவா. நான் எத்தனையோ தடவ கேட்ட வார்த்தை இது. அவளுக்கு நிலம் வேணாமா, இல்ல கேட்டா தீபாவளிக்கு கூட கூப்புட மாட்டாங்கன்னு பயமா? மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான், குறைவான பாயின்ட். அந்த பயத்த விருப்பம்னு எடுத்துக்கிட்டு கணக்கு போட்டு, ரெண்டு பேருக்கும் திருப்தின்னு ரிப்போர்ட் குடுத்துரும். அதனால கீழ ஒரு தரை போடுங்க. சட்டப்படி அவளுக்கு வர்ற மதிப்பு இவ்ளோன்னு முதல்ல அவளுக்குத் தனியா காட்டணும், முடிவு அதுக்குக் கீழ போனா சிஸ்டம் நிக்கணும், அவளோட வக்கீலோ சட்ட உதவி மையத்துல ஒருத்தரோ தனியா பேசுனதுக்கப்புறம்தான் தொடரணும். விட்டுக் குடுக்கறது அவ உரிமை, தெரிஞ்சு விட்டுக் குடுக்கணும்.

இப்ப சாட்ஜிபிடி விஷயத்துக்கு வர்றேன். 2023ல நியூயார்க்ல ரெண்டு வக்கீலுங்க அது எழுதிக் குடுத்த இல்லாத தீர்ப்புகள கோர்ட்டுல தாக்கல் பண்ணி 5000 டாலர் அபராதம் கட்டுனாங்க. கேரளா ஹைகோர்ட் 2025ல மாவட்ட கோர்ட்டுகளுக்கு ஏஐ கொள்கை கொண்டு வந்து, தீர்ப்பு முடிவு எடுக்கறதுக்கு இத பயன்படுத்தக் கூடாதுன்னு சொல்லிருச்சு. நிழல் எங்க விழுதுன்னு சொல்ற வேலைய இதுகிட்ட குடுக்கக் கூடாதுங்கறதுக்கு இதுவே போதும், ஒரே கேள்விய வேற வார்த்தையில கேட்டா வேற பதில் வரும், ரெண்டு தரப்பும் ஆளுக்கொரு பதில கையில வச்சுக்கிட்டு வந்தா நான் மேல சொன்ன எழுபது எழுபது கதைதான் மறுபடியும்.

ஆனா அதுக்கு நல்ல வேலை ஒண்ணு இருக்கு. பழைய பத்திரத்த எடுத்துப் பாருங்க, "இதில் பொதுக் கிணற்றில் 3ல் 1 பாகமும், மேற்படி கிணற்றுக்குப் போக வர மாமூல் வண்டித்தட பாத்தியமும் சகிதம்"னு அரைப் பக்கத்துக்கு முற்றுப்புள்ளி இல்லாம ஓடும். இதுலருந்து யாருக்கு, எத்தன பாகம், எந்த வழி, என்ன சக்குபந்தின்னு (நாலு பக்க எல்லை) பிரிச்சு எடுத்து லாஜிக் புரோகிராமுக்கு புரியற உண்மைகளா மாத்தறதுக்கு மொழி மாடல் ரொம்ப உதவும். ஒவ்வொரு வரியும் மனுஷன் ஒருத்தர் மூலப் பத்திரத்தோட ஒப்பிட்டுப் பாக்கணும், 3ல் 1ஐ 3ல் 2ன்னு எடுத்துட்டா மேல கட்டுன அத்தனையும் சாஞ்சிரும். கோபமா பேசுனத சாந்தமா திருப்பிச் சொல்றது, இன்னும் என்ன கேக்கலைன்னு ஞாபகப்படுத்தறது, இதுக்கும் வச்சுக்கலாம். புளியமரத்தக் கேக்கற கேள்வி அதுலருந்து வந்தாலும் எனக்கு சந்தோஷம்தான்.

கடைசியா, உங்க ப்ராஜெக்ட்டுக்கு பாகத் தகராறு வேணாம்னு சொல்லுவேன். ஒண்ணு, சொந்தக்காரங்க வழக்கு, நீங்க நடுநிலைன்னு யாரும் நம்ப மாட்டாங்க, வீட்டுல உங்களுக்குத்தான் கஷ்டம். ரெண்டு, ஆறு மாசத்துல முடியாது. அதுக்கு பதிலா மோட்டார் விபத்து இழப்பீடு எடுங்க. நம்ம ரெண்டு மாவட்டத்தையும் 44வது நேஷனல் ஹைவே குறுக்கால வெட்டிட்டுப் போகுது, தொப்பூர் கணவாய் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, லோக் அதாலத்துல இந்தக் கேஸு நிறைய வரும், லாஜிக்குக்கும் இதான் தோது. 2009 சரளா வர்மா, 2017 பிரணய் சேத்தி, சுப்ரீம் கோர்ட்டோட இந்த ரெண்டு தீர்ப்புலயே கணக்கு முறை கிட்டத்தட்ட முழுசா இருக்கு. 32 வயசு, சொந்தத் தொழில், மாசம் 15,000 வருமானம்னு வைங்க. எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் சேத்தா 21,000. மனைவியும் ரெண்டு குழந்தையும், மூணு பேரு நம்பியிருந்ததால அவரோட சொந்தச் செலவுக்கு மூணுல ஒரு பங்கு கழிச்சா 14,000. வருஷத்துக்கு 1,68,000. 31லருந்து 35 வயசுக்கு பெருக்கி (வருஷத் தொகைய எத்தனையால பெருக்கணும்ங்கற எண்) 16, ஆக 26,88,000, இது போக இறுதிச் சடங்கு மாதிரி தனித் தலைப்புகள். இதுல விதியில சண்டை கிடையாது, வருமானம் 15,000தானா, ஓட்டுனதுல யாரு தப்பு எவ்ளோங்கற ரெண்டு இடத்துலதான் பேரமே. அந்த ரெண்டுக்கு மட்டும் அம்புக்குறி படம் போடுங்க.

முடிவுல பேசப் போறது ஒரே ஒரு தொகைங்கறதால ரகசிய ஏலம் மாதிரி பண்ணலாம், 1990கள் கடைசியில அமெரிக்காவுல சைபர்செட்டில் ஆரம்பிச்சது அதான்: ரெண்டு பக்கமும் தொகைய ஒருத்தருக்கொருத்தர் காட்டாம மெஷினுக்கு மட்டும் சொல்லணும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நெருங்குனா நடுவுல முடிச்சிரும், நெருங்கலைன்னா யாரு என்ன சொன்னாங்கன்னு வெளிய வராது. இதுலயும் தரை மறக்காதீங்க, புருஷன இழந்து பீஸ் கட்டக் காசில்லாம நிக்கற பொண்ணு 8 லட்சத்துக்கே சரின்னு அடிச்சிருவாங்க, உங்க சிஸ்டம் அதுக்கு முன்னாடி அந்த 26,88,000த்த அவங்க கண்ணுல காட்டியிருக்கணும்.

முதல்ல பெருக்கிப் பட்டியலையும் கழிவு விதியையும் ப்ரோலாக்ல எழுதி, பேரு நீக்குன பத்து பழைய தீர்ப்ப உள்ள விட்டு தொகை ஒத்துப் போகுதான்னு பாருங்க. ஒத்துப் போகாத தீர்ப்பு எதுவோ அத எனக்கு அனுப்புங்க, உக்காந்து பாக்கலாம்.